ஒரு பேருக்குக் குறைவு

கணக்கில் முதல் பரிசு வாங்கியவன் நான். பித்தளை மூடி போட்ட மைக்கூடு ஒன்று கொடுத்தார்கள். எந்தக் கணக்குக்காகக் கொடுத்தார்களோ, அந்தக் கணக்கை இன்றுவரை இன்னொருவர் துணை இல்லாமல் எனக்குச் செய்ய வராது. போன மாதம் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது, நாலு பேருக்கு வைக்கிற ரசத்தை மூன்று பேருக்கென்று முக்காலாகக் குறைக்கப் போனேன். தண்ணீர் குறைந்தது, புளி கூடிவிட்டது. சாப்பிட்ட மூவரில் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மற்ற இருவரில் ஒருவன் நான்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நீங்கள் கோபப்படுவீர்கள். எனக்குக் கூட இருந்து கோபப்பட ஆள் வேண்டும். நாற்பது வருஷமாகத் தனியாகவே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அதிலும் பாதிக்கு மேல் என் மேலேயே.

ஹாலிஎலைக்கும் தெமோதரைக்கும் நடுவே மலைச்சரிவில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் என்றால் துரையுடையது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து எங்களிடம் வந்ததெல்லாம் மாட்டு வண்டியில் வந்தது: அரிசி, கருவாடு, கடிதம், வாத்தியார். அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஜனங்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்குப் போவது என்று ஆள் பிரிப்பது அவர் வேலை. அவர் கை காட்டிய திசையில் முந்நூறு பேர் நடந்தார்கள். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்ததால், நானும் கை காட்டினால் உலகம் நகரும் என்று நம்பியிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தைப் பலகை அடித்து இரண்டாக மறித்திருந்தார்கள். ஒரு பாதியில் தராசு, மறு பாதியில் நாங்கள். பலகை ஓர் ஆள் உயரம். இடுக்குகளில் விரல் நுழையும். பச்சைக் கொழுந்து கூடைக்குள் நசுங்கிப் புழுங்குகிற வாசனையும், ஈரக் கம்பளி வாசனையும் அந்த இடுக்குகள் வழியாக எங்கள் பாடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை பிடித்தால் தகரக் கூரை இரைச்சலில் வாத்தியாரின் வாய் மட்டும் அசையும். அந்த நேரங்களில் மட்டும் நாங்கள் எதையும் தப்பாகக் கற்கவில்லை.

வாத்தியார் திருச்சிப் பக்கத்து மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே போய்ப் பார்த்தவர். ஆனால் ஒரு விதியைக் கையில் வைத்திருந்தார். அதைக் கொய்யாக் கம்பை விட இறுக்கமாகப் பிடித்திருந்தார்.

"பெருக்குனா கூடணும். வகுத்தா கொறையணும். வரலேன்னா தப்பு. செய்முறையெல்லாம் அப்புறம், மொதல்ல விடையப் பாரு."

இந்த விதியை அமல்படுத்த ஒரு அதிகாரி வேண்டுமல்லவா. சட்டாம்பிள்ளையாக என்னை நியமித்தார். பத்து வயது. கால்சட்டையும் மேற்சட்டையும் இரண்டும் ஒரே நாளில் உடுத்தி வந்த ஒரே பையன் என்பது என் தகுதி. வரிசையாக ஒவ்வொரு சிலேட்டாகக் குனிந்து பார்ப்பேன். பெருக்கல் கணக்கின் விடை, மேலே இருக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் எச்சிலைத் தொட்டு அழித்துவிடுவேன். முழு எண்கள் இருந்தவரை விதி நன்றாகத்தான் வேலை செய்தது. பின்னக் கணக்கு வந்ததும் பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள், நான் அழித்தேன். மறுபடி செய்தார்கள், மறுபடி அழித்தேன். மூன்றாம் தடவை அவர்கள் பின்னத்தைத் தலைகீழாக்கிப் போட்டு, பன்னிரண்டு முக்கால் பதினாறு என்று கொண்டுவந்தார்கள். அதற்கு நான் சரி போட்டேன். ஒரு வாரத்தில் ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும் அறிவிலிருந்து அறியாமைக்கு நடத்திக்கொண்டு போன சாதனை என்னுடையது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தினமும் மத்தியானம் நாங்கள் முக்கால் வாய்பாடு பாடினோம். உங்களுக்கும் அந்த ராகம் நினைவிருக்கும். ஓர் முக்கால் முக்கால், இரு முக்கால் ஒன்றரை, மும்முக்கால் இரண்டேகால், நான்முக்கால் மூன்று. நாலு உள்ளே போய் மூன்றாக வெளியே வருகிறது. நாற்பது தொண்டைகள் இதைக் கத்தின. கத்தி முடித்ததும் உட்கார்ந்து, பெருக்கினால் கூடும் என்று எழுதினோம். வாத்தியாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும் உறுத்தவில்லை.

ஒருத்திக்கு உறுத்தியது.

அவளை எல்லாரும் அரைப்பேர்க்காரி என்போம். தோட்டத்தில் ஓர் ஆளின் ஒரு நாள் வேலைக்கும் அதன் கூலிக்கும் ஒரு பேர் என்று சொல்வார்கள். பிள்ளைகள் பாதி வேலை செய்தால் அரைப்பேர். அவளுக்குப் பன்னிரண்டு வயது. காலையில் கூடையோடு மலைக்குப் போய், நடுப்பகலில் கொழுந்தைத் தராசில் போட்டுவிட்டு, பலகையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து உட்காருவாள். கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருக்கும். கால் விரல் இடுக்கில் அட்டை கடித்த ரத்தம். உட்கார்ந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறவள் மாதிரிச் சிலேட்டை எடுப்பாள்.

நான் அவள் விடையை அழித்தேன். அவள் அதையே எழுதினாள். நான் அழித்தேன். அவள் எழுதினாள். நான் போய் வாத்தியாரிடம் சொன்னேன்.

"என்னா அது, விடை கொறையிது?" என்றார் வாத்தியார்.

"நான்முக்கா மூணுன்னு தெனமும் பாடுறோமுங்களே, வாத்தியாரய்யா. நாலு மூணாயிருச்சே."

"அது வாய்பாடு. இது பெருக்கல்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"எவ சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லலைங்க." அவள் எழுந்து நின்றாள். "எங்காத்தாவுக்கு முழுப்பேருக்கு இருவது இறாத்தல் கொழுந்து. எனக்கு அரைப்பேருக்குப் பத்து. இருவத அரையால பெருக்குனது பத்துதானுங்களே. கொழுந்து கொட்டுன மாசம் ஆத்தா ஒண்ணரைப்பேரு போட்டுச்சு, முப்பது எடுத்துச்சு. அதுவும் பெருக்குனதுதான். பெருக்குறதப் பாத்துச் சொல்ல முடியாதுங்க, எதால பெருக்குறோம்னு பாக்கணும். ஒரு பேருக்குக் கொறஞ்சா கொறையும். ஒரு பேருன்னா அப்பிடியே நிக்கும். ஒரு பேருக்கு மேல போனாத்தான் கூடும். சிலேட்டே வேணாமுங்க, பாத்த ஒடனே சொல்லிறலாம்."

இந்தச் சில வாக்கியங்களை விடத் தெளிவாகப் பின்னப் பெருக்கலை விளக்கியவரை அதற்குப் பிறகு நான் எங்கேயும் சந்திக்கவில்லை. ஆங்கிலத்தில் தடித்த அட்டை போட்ட புத்தகங்களில்கூடத் தேடினேன்.

வாத்தியார் அவள் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். புரிந்தது நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் என்பதுதான் கஷ்டம்.

"அது தோட்டத்துக் கணக்கு. இது ஏட்டுக் கணக்கு. கையை நீட்டு."

கம்பு எடுத்து வருவது சட்டாம்பிள்ளை வேலை. மூலையில் மூன்று கம்புகள் இருந்தன. எதை எடுத்தேன் என்று எழுத வேண்டுமா? தடித்ததை எடுத்தேன்.

அந்த வருஷம் துரையின் மனைவி, துரைசானி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும்போது கணக்கில் எந்தப் பிள்ளை நன்றாகப் பதில் சொல்கிறதோ, பையனோ பெண்ணோ, அந்த ஒரு பிள்ளையைப் பதுளையில் போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைப்பதாக. ஒரே ஒரு இடம். அவளுக்கு அது என்ன என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷம் அவளுக்கு முழுப்பேர் வந்துவிடும். முழுப்பேர் வந்தால் நடுப்பகலில் வர முடியாது. நடுப்பகலில் வர முடியாவிட்டால் சிலேட்டு இல்லை. அவளே ஒரு நாள் தராசுப் பக்கம் நின்று தன் ஆத்தாவிடம் சொன்னதை இடுக்கு வழியாகக் கேட்டேன்: "பதுளைக்கிப் போனா சிலேட்டு இல்லையாம் ஆத்தா, காயிதமாம். அழிக்கவே முடியாதாம்."

என்னைப் பற்றித்தான் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானச் சாப்பாட்டில் அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "அந்தப் புள்ள வந்தா எனக்கு எடம் கெடைக்காதுப்பா. அவ சொல்றதுதான் சரியா இருக்கு." கவனியுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது. பத்து வயதில், எச்சில் விரலோடு, அவள் சரி என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் அழித்திருக்கிறேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் காலையில் பெரட்டுக் களத்தில் அப்பா சத்தமாகச் சொன்னார்: "அரைப்பேரெல்லாம் இன்னைக்கி மேல் மலைக்கி. பொழுது சாயிற வரைக்கும். முழுப்பேரு போடுறேன்."

லயத்து ஆத்தாமார் முகமெல்லாம் மலர்ந்தது. அரைப்பேருக்கு முழுப்பேர். அவளுடைய ஆத்தா அப்பாவைக் கும்பிட்டது எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு பிள்ளையைக் குழியில் தள்ளுவதற்கு அதை உயர்த்திப் பிடித்துக் காட்டலாம் என்பதை அன்று கற்றேன். இரண்டால் பெருக்கினார் அப்பா. அவள் வாழ்க்கையில் யாரும் செய்த பெருக்கல் அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹாலிஎலையிலிருந்து வண்டியில் நனைந்து வந்து, காலுறைக்குள் புகுந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அப்பா கொடுத்த தேநீரைக் குடித்தார். வாத்தியார் முன்வரிசையில் என்னை நிறுத்தியிருந்தார். என் சட்டையில் கஞ்சி மொறமொறத்தது.

"ஒருத்தரும் சிலேட்டைத் தொடப்படாது," என்றார் இன்ஸ்பெக்டர். "செய்து பார்க்காமல் சொல்ல வேணும். இருபத்துநாலை முக்காலாலை பெருக்கினால், விடை இருபத்துநாலிலும் கூடவோ, குறையவோ, இல்லாட்டி அதே அளவோ? நீர் சொல்லும் பாப்பம், தம்பி."

வாத்தியார் முகத்தைப் பார்த்தேன். அதில் விதி எழுதியிருந்தது. வாயைக் குவித்தேன். 'கூ' வரைக்கும் வந்துவிட்டேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் தராசுக் கொக்கியில் ஒரு கூடை மாட்டுகிற சத்தம். முழு நாள் வேலைக்குப் போனவர்களும் நடுப்பகல் நிறுவைக்கு இறங்கித்தானே ஆக வேண்டும். ஆள் பிரிக்கத் தெரிந்த அப்பா அதை மறந்துவிட்டார்.

"கொறையும்," என்றது பலகை.

"குறையும், ஐயா," என்றேன் நான்.

"ஓ. ஏன்?"

"ஒரு பேருக்குக் கொறைவு," என்றது பலகை.

"முக்கால், ஒரு பேருக்குக் குறைவு, ஐயா."

"ஒரு பேர் எண்டால்?"

அதை நானே சொன்னேன். அதாவது அவள் முன்பு சொன்னதை நானே சொன்னேன். இன்ஸ்பெக்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒன்றேகாலாலை பெருக்கினால்?"

"கூடும்," என்றோம் நானும் பலகையும்.

"நாலில் நாலாலை?"

இந்தத் தடவை எனக்கு முந்திக்கொண்டு பலகை சிரித்தது. "அது முழுப்பேருங்க. அப்பிடியே நிக்கும்."

இன்ஸ்பெக்டர் எழுந்து பலகையைச் சுற்றிப் போனார். வாத்தியார் பின்னால் ஓடினார், அப்பாவும் போனார், நானும் போனேன். அவள் முதுகில் வெறுங்கூடையோடு நின்றாள். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பிள்ளை, பள்ளிக்கூடம் வாறனீரோ?"

"வருவேங்க."

"இருபத்துநாலுக்கு முக்கால் எவ்வளவு?"

"பதினெட்டுங்க." இந்த எண்ணை நான் முதலில் இங்கே தப்பாக எழுதியிருந்தேன். பிறகு திருத்தியது.

இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா பள்ளிக்கூட வரவு இடாப்பைக் கொண்டுவரச் சொன்னார். திறந்து காட்டினார். அன்றைய தேதியில் அவள் பெயருக்கு நேரே, விடியற்காலையிலேயே, வரவில்லை என்று கோடு போட்டிருந்தது.

"இன்னைக்கி வேலைக்கிப் போயிருக்குங்க," என்றார் அப்பா மரியாதையாக. "வராத புள்ளை."

இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. அவள் இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவள் கம்பளித் தண்ணீர் இன்ஸ்பெக்டரின் சப்பாத்தில் சொட்டுகிறது. அவள் வரவில்லை. படித்த மூன்று மனிதர்கள் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். கோட்டை நம்பினார்கள்.

"வராத பிள்ளையைப் பரீட்சிக்க ஏலாது," என்றார் இன்ஸ்பெக்டர். மெதுவாகத்தான் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது என்று முன்பெல்லாம் அவருக்காக வாதாடுவேன். இப்போது வாதாடுவதில்லை. வருத்தத்தை அவர் குடையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அடுத்த கூடை," என்று தராசுக்காரர் கூப்பிட்டார். அவள் நகர்ந்து வழி விட்டாள்.

மூன்று வாரத்தில் கடிதமும் மைக்கூடும் வந்தன. இடம் எனக்கு. நான் பதுளைக்குப் போன மறுநாளே வாத்தியார் பிள்ளைகளிடம், "பட்டணத்துக் கணக்குல கொறையலாம், இங்க கூடும்," என்று விதியைப் புதுப்பித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதுளையில் நான் கணக்கில் மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றேன். அங்கே பலகை இல்லை. எண்கள் இல்லாத ஏதாவது தொழில் செய் என்று ஒரு ஆசிரியர் மனம் விட்டுச் சொன்னார். அப்படித்தான் வேடிக்கைக் கட்டுரை எழுத வந்தேன். மைக்கூட்டை ஏதோ வீடு மாறும்போது தொலைத்தேன். மூடி மட்டும் இருக்கிறது. அதற்குப் பொருந்துகிற கூடு இல்லை.

சென்ற தை மாதம் தெமோதரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். விடாத மழை. சமையல் கொட்டகையில் ஒரு அம்மாள் கொத்தால் அரிசி அளந்து அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார். சமையற்காரர் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இருநூறு பேருக்குச் சொல்லியிருக்குங்கம்மா. பத்தாமப் போயிருமே."

"இந்த மழைக்கி முக்காவாசிதான் வரும். நூத்தம்பதுக்குப் போடு."

நெற்றியில் குறுக்காக ஒரு தடம், தோலோடு தோலாகிப் போயிருந்தது. கிட்டப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, சட்டாம்புள்ளையா. வாங்க. பேச்சுக் குடுக்காதீங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்."

பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வருஷம் சேர்த்து வைத்தது. கொத்துக் கணக்குக்காகக் காத்திருக்க முடியவில்லை. முதல் தடவையாக அவரை அக்கா என்றேன்.

"அக்கா, அந்த எடம் ஒங்களோடது. எங்கப்பாவும் வாத்தியாரும் நானுமாச் சேந்து பறிச்சிட்டோம். பத்திரிகையில எழுதப் போறேன். அத்தன பேரு மானத்தையும் வாங்கப் போறேன், எம் மானத்தையுந்தான். இருபத்துநாலை முக்காலால பெருக்குனா பதினாறுன்னு நீங்க கூடையோட நின்னு சொன்னீங்களே, அதை ஒரு எழுத்து விடாம எழுதப் போறேன்."

அரிசி நிறைந்த கொத்து அண்டாவுக்கு மேலே அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. வெளியே மழையைப் பார்த்தார்.

"பதினெட்டு," என்றார்.

கொத்தைக் கவிழ்த்தார். விளிம்பில் ஒட்டியிருந்த அரிசியை விரலால் வழித்து அண்டாவில் போட்டார்.

"எழுதுங்க, சட்டாம்புள்ள. அச்சுக்குக் குடுக்க முன்னாடி கணக்க மட்டும் யார்கிட்டயாவது காட்டிருங்க."